டெய்லர் சதுக்கத்திலிருந்து பெட்ரி டெரஸ் வரை: ரேடியோ பேர்ட்மேன் வழித்தடம்

வியாழன், டெய்லர் சதுக்கம்

எழுபதுகளின் சிட்னி ராக் குழுவான ரேடியோ பேர்ட்மேனின் தடம் பிடித்துப் போகும் ஐந்து நாள் பயணம் இது. சிட்னி விமான நிலையத்தில் இறங்கியதும் ரயிலுக்கு ஓடாதீர்கள். ரயில் காலடியிலேயே இருக்கிறது, நகரத்துக்குச் சில நிமிடந்தான். ஆனால் டிக்கெட்டோடு நிலைய நுழைவுக் கட்டணம் என்று தனியாக 17 டாலருக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். வெளியே வந்து 420-ஆம் எண் பேருந்தில் ஏறி மாஸ்கட் நிலையத்தில் இறங்கி, அங்கே அதே தடத்து ரயிலைப் பிடித்தால் அந்தக் கட்டணம் கிடையாது. ஓப்பல் என்ற பயண அட்டை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை, டேப் செய்யும் வங்கி அட்டை போதும். ஏறும்போது எந்த அட்டையைத் தட்டினீர்களோ அதையேதான் இறங்கும்போதும் தட்டவேண்டும். ஏறும்போது போனையும் இறங்கும்போது அட்டையையும் காட்டினால், இரண்டு முடியாத பயணங்களாகக் கணக்கெழுதி இரண்டுக்கும் கூடுதலாக எடுத்துவிடுவார்கள். ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இப்படித்தான்.

இன்றைய நடை மியூசியம் நிலையத்தில் தொடங்குகிறது. ஹைட் பார்க்கின் தெற்கு ஓரத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மேடேறினால் கால் மணி நேரத்தில் டெய்லர் சதுக்கம். ஆக்ஸ்ஃபோர்டு தெரு, ஃப்ளிண்டர்ஸ் தெரு, போர்க் தெரு மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம். எதிரே மணற்கல் தூண்களோடு டார்லிங்ஹர்ஸ்ட் நீதிமன்றம். இந்தச் சதுக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு டாவர்ன் என்று ஒரு பப் இருந்தது. அதன் மாடி அறையை 1976-இல் ரேடியோ பேர்ட்மேன் தங்கள் பொறுப்பில் எடுத்து ஃபன்ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். ஸ்டூஜஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 1970-ஆம் ஆண்டு ஆல்பத்தின் பெயர் அது. ஆஸ்திரேலிய ராக் வரலாற்றில் இவ்வளவு சின்ன அறை இவ்வளவு வேலை செய்தது அபூர்வம்.

அறை ஏன் தேவைப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். குழுவின் கிட்டார்காரர் டெனிஸ் டெக் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர்காரர். மருத்துவம் படிக்க 1972-இல் சிட்னி வந்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஸ்டூஜஸும் எம்சி5 என்ற குழுவும் உருவான ஊர்ப்பக்கத்து இசை அவர் காதில் இருந்தது. டிவி ஜோன்ஸ் குழுவிலிருந்து அவரை வெளியேற்றிய பிறகு, ரேட்ஸ் குழுவில் பாடிக்கொண்டிருந்த ராப் யங்கரோடு சேர்ந்து 1974-இல் ரேடியோ பேர்ட்மேனைத் தொடங்கினார். ஸ்டூஜஸ் பாட்டு வரி ஒன்றைத் தவறாகக் காதில் வாங்கியதில் கிடைத்த பெயர். கீபோர்டில் பிப் ஹாய்ல், அவரும் மருத்துவ மாணவர். டிரம்ஸில் ரான் கீலி. பின்னால் பாஸ் கிட்டாருக்கு வாரிக் கில்பர்ட் வந்தார், இரண்டாவது கிட்டாருக்கு கிறிஸ் மசுவாக் வந்தார்.

அன்றைய பப் முதலாளிகள் எதிர்பார்த்தது வானொலியில் ஓடும் ஹிட் பாடல்களை. இவர்களோ யாரும் கேட்டிராத, டெக்கின் ஊர்ப்பக்கத்து டெட்ராய்ட் நகரப் பாடல்களையும் சொந்தப் பாடல்களையும் மூச்சுவிடாமல் வாசித்தார்கள். பாதியில் மின்சாரத்தை நிறுத்துவதும், மறுவாரம் வரவேண்டாம் என்பதும் வாடிக்கையாயின. மாடி அறை கையில் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. யார் வாசிப்பது, எவ்வளவு சத்தமாக வாசிப்பது என்பதைக் குழுவே முடிவு செய்தது. இவர்களைக் கேட்கவந்த பையன்கள் வீட்டுக்குப் போய்த் தாங்களே குழு தொடங்கினார்கள். சிட்னியின் எண்பதுகளில் கிட்டார் குழுக்கள் புற்றீசலாகக் கிளம்பியதற்கு வேர் இங்கேதான்.

சதுக்கத்தில் மாலையில் நிற்பவர்களுக்கு ஒரு விவரம். 2014 பிப்ரவரியில் இந்தப் பகுதிக்கும் கிங்ஸ் கிராஸுக்கும் இரவு 1.30-க்குமேல் உள்ளே விடக்கூடாது, 3 மணிக்குமேல் மது ஊற்றக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தெருப் பக்கம் அது விலகியது 2020 ஜனவரியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நேரடி இசை நடத்திய பல இடங்கள் மூடிக்கொண்டன. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் உள்ள பெயர்களை நம்பிப் போகாமல், அந்த வாரத்து நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வெள்ளி, பாடிங்டன்

சர்க்குலர் கீயிலிருந்து பாண்டை கடற்கரைக்குப் போகும் 333-ஆம் எண் பேருந்து ஆக்ஸ்ஃபோர்டு தெரு வழியாகத்தான் போகிறது. பாடிங்டன் டவுன் ஹாலில் இறங்கிக்கொள்ளலாம். 1891-இல் திறந்த கட்டடம், மணிக்கூண்டு தூரத்திலேயே தெரியும். 1977 டிசம்பர் 12 அன்று பேர்ட்மேன் இங்கே வாசித்தார்கள். அந்த ஒலிப்பதிவு 2014-இல் சிட்டடல் இசைத்தட்டு நிறுவனம் கொண்டுவந்த பெட்டித் தொகுப்பில் முழுதாக இருக்கிறது. ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். இவ்வளவு உயரமான கூரைக்குக் கீழே டிரம்ஸ் எப்படிச் சிதறியிருக்கும், கிட்டார்கள் ஏன் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கேட்கின்றன என்பதெல்லாம் பிடிபடும்.

மேடைக்குப் பின்னால் தொங்கிய சின்னத்தையும் சொல்லவேண்டும். சிவப்பும் கறுப்புமாக டெக் வரைந்தது. பேனரிலும் கைப்பட்டையிலும் அதே சின்னம். பத்திரிகைகள் சில இதைப் பார்த்துவிட்டு பாசிசச் சாயல் என்று எழுதின. குழு சளைக்காமல் மறுத்தது. அந்தச் சின்னத்தை இன்றும் கையில் பச்சை குத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். குழுப் பெயரை எழுதாமலேயே அடையாளம் தெரிகிற சின்னம் அது.

இதே 1977-இல் சைர் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் சீமோர் ஸ்டைன் பிரிஸ்பேன் ராக் குழுவான செயிண்ட்ஸை ஒப்பந்தம் செய்ய ஆஸ்திரேலியா வந்தார். பேர்ட்மேனைக் கேட்டார், அவர்களையும் ஒப்பந்தம் செய்தார். 1978-இல் குழு பிரிட்டன் போனது, ஃப்ளேமின் க்ரூவிஸ் என்ற அமெரிக்கக் குழுவோடு ஊர் ஊராக வாசித்தது, வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில் இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்தது. அதற்குள் சைர் கைவிட்டது. கையில் பணமில்லை. ஒரே வேனில் மாதக்கணக்கில் அடைந்துகிடந்ததில் ஆளுக்காள் பேச்சு நின்றது. ஜூனில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் கடைசிக் கச்சேரி, அத்தோடு முடிந்தது. பதிவு செய்த ஆல்பம் 1981 வரை பெட்டியில் தூங்கியது.

குழு எழுந்து நான்கே ஆண்டு. வயதாவதற்கு முன், வானொலிக்கு ஏற்றபடி ஒலி மழுங்குவதற்கு முன் நின்றுபோனதால், அவர்கள் பெயரில் சோர்ந்த பதிவு என்று எதுவும் இல்லை. இத்தனை காலம் இந்தக் குழுவை மறக்கமுடியாமல் வைத்திருப்பதில் பாதி இந்தக் கணக்குதான். மீதிப் பாதி பாட்டுக்குள் இருக்கிறது.

சனி பகல், யார்க் தெரு

நகர மையத்தில் குயின் விக்டோரியா கட்டடத்துக்குப் பக்கத்தில் யார்க் தெருவில் ரெட் ஐ ரெக்கார்ட்ஸ். 1981-இல் தொடங்கிய கடை. ஆஸ்திரேலியக் குழுக்களுக்குத் தனி அடுக்கு உண்டு. பேர்ட்மேனின் முதல் ஆல்பமான ‘ரேடியோஸ் அப்பியர்’ தேடி வருகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தப் பெயரில் இரண்டு வேறுவேறு ஆல்பங்கள் உண்டு. 1977-இல் ட்ரஃபால்கர் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் வெளியிட்டது ஒன்று. 1978-இல் சைர் வெளிநாட்டுக்காக வெளியிட்டது இன்னொன்று. சில பாடல்கள் மாறியிருக்கின்றன, சில பாடல்களை மறுபடி பதிவு செய்தும் கலந்தும் இருக்கிறார்கள். அட்டையை விடுங்கள், தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் முதல் பக்கத்து முதல் பாட்டைப் படியுங்கள். ‘டிவி ஐ’ என்றால் ஆஸ்திரேலியப் பதிப்பு. ‘வாட் கிவ்ஸ்?’ என்றால் வெளிநாட்டுப் பதிப்பு. ‘லவ் கில்ஸ்’ முதலாவதில்தான் உண்டு. தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் ‘யூ ஆர் கோனா மிஸ் மீ’ இரண்டாவதில்தான். எது மேல் என்று கேட்டால் ஆஸ்திரேலியப் பதிப்புதான். ஒலி கரடுமுரடாக இருக்கும், ஆனால் அறைக்குள் ஆறு பேர் நிற்பது தெரியும்.

லேபிளைப் படித்த பிறகு தட்டைச் சாய்த்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மயிரிழைக் கீறல்கள் சாய்வில் வெள்ளையாக மின்னும். நகத்தால் மெல்லத் தடவும்போது தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் காதிலும் படாது. தட்டுப்பட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று கேட்கும். பிறகு தட்டைக் கண்ணுக்கு நேரே கிடைமட்டமாகப் பிடித்து, விளிம்பு அலைபாய்கிறதா என்று பாருங்கள். ஆஸ்திரேலியக் கோடையில் காரில் கிடந்த தட்டு வளைந்துதான் போகும், அதை நிமிர்த்துவது எளிதல்ல. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எழுத்துகளைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முதல் அச்சா மறு அச்சா என்பதை அதை வைத்துத்தான் உறுதி செய்யமுடியும். கேட்பதற்கு மட்டும் வேண்டுமென்றால் மறு அச்சே போதும், முதல் அச்சுக்குக் கொட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. தேடித் திரியப் பொறுமை இல்லாதவர்களுக்கு, சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட தொகுப்பு நல்ல வாசல்.

இனி பாட்டுக்குள் இருப்பது. டெக் கையில் இருந்தது எபிஃபோன் க்ரெஸ்ட்வுட் கிட்டார். எம்சி5-இன் ஃப்ரெட் ஸ்மித்திடமிருந்து வாங்கியது. அதில் உள்ள, தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் சின்ன ஹம்பக்கர் பிக்கப்புகள் கிப்சனின் பெரிய ஹம்பக்கர் அளவுக்குத் தடிப்பாக ஒலிக்காது, மேல் சுரம் கூர்மையாக வெட்டும். அதனால் ஆம்ப்ளிஃபயரை எவ்வளவு ஏற்றினாலும் ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கிறது. கேட்கும்போது இதைக் கவனியுங்கள்: இரண்டு கிட்டாரும் ஒரே கார்டை (சுரக்கூட்டை) அடித்துத் தடிப்பாக்குவதில்லை. ஒன்று தாளத்தை அறுத்துக்கொண்டே போக, மற்றது கடலலை ஒலிக்கும் சர்ஃப் பாணியில் தனிச்சுர ஓட்டம் போடுகிறது. ‘அலோஹா ஸ்டீவ் அண்ட் டான்னோ’வில் ஹவாய் ஃபைவ்-ஓ தொலைக்காட்சித் தொடரின் தீம் இசையை அப்படியே கிட்டார் சோலோவாக ஏற்றியிருக்கிறார்கள். 1977-இல் லண்டன் பங்க் குழுக்கள் சோலோ என்ற சொல்லையே ஒதுக்கிவைத்திருந்த நேரம் அது. ‘மேன் வித் கோல்டன் ஹெல்மெட்’டில் பிப் ஹாய்லின் பியானோதான் பாட்டையே சுமக்கிறது. இத்தனை வேகத்தில் இத்தனை நுணுக்கம் என்பதால்தான் நூறாவது முறையும் புதிதாக ஏதோ ஒன்று காதில் விழுகிறது.

சனி இரவு, என்மோர் சாலை

நியூடவுன் நிலையத்திலிருந்து என்மோர் தியேட்டருக்கு நடை ஐந்து நிமிடம். 1908-இல் திறந்தது, நாற்காலிகளை எடுத்துவிட்டால் 2,500 பேர் நிற்கலாம். சிட்னியில் பழைய குழுக்கள் மறுபடி சேரும்போது பெரும்பாலும் வந்து நிற்கும் மேடை. சன்னிபாய்ஸ் 2012-இல் திரும்பி வந்தது இங்கேதான். 1980-இல் தொடங்கி 1984-இல் உடைந்த குழு. பாடகர் ஜெரமி ஆக்ஸ்லி ஸ்கிசோஃப்ரீனியா நோயோடு பல ஆண்டு போராடி மீண்டு மைக் முன்னால் நின்றபோது, அரங்கில் இருந்தவர்களுக்கு அது வெறும் பாட்டுக் கச்சேரியாக இருந்திருக்காது.

பேர்ட்மேன் ஆண்டு முழுதும் சுற்றுகிற குழுவும் அல்ல. 1996 ஜனவரியில் பிக் டே அவுட் விழாவுக்காகப் பதினெட்டு ஆண்டு கழித்துச் சேர்ந்தார்கள். 2006-இல் ‘ஸீனோ பீச்’ என்று புது ஆல்பம் போட்டு, அதே ஆண்டில்தான் முதன்முதலாக அமெரிக்காவில் சுற்றினார்கள். 2007-இல் ஆஸ்திரேலிய இசைத்துறையின் ஏரியா ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. 2024-இல் ஐம்பதாம் ஆண்டுப் பயணம். ஆட்கள் மாறியிருக்கிறார்கள். பாஸில் ஜிம் டிக்சன், டிரம்ஸில் நிக் ரீத், மசுவாக் இருந்த இடத்தில் டேவ் கெட்லி. டிக்சனும் கெட்லியும் யங்கரின் நியூ கிறைஸ்ட்ஸ் குழுவில் வாசித்தவர்கள் என்பதால் அவர் பாடும் வேகம் அவர்களுக்குத் தெரியும். புது ஆள் வந்தும் குழு குலையாததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது.

கச்சேரி அறிவிப்பு வந்தால் என்ன செய்வது? டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று கண்ட தளத்தில் இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள். நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி மறுவிற்பனை விலை முதல் விலையில் 110 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கச்சேரி நெருங்கும்போது வரமுடியாதவர்களின் டிக்கெட்டுகள் முறையான மறுவிற்பனைப் பக்கத்தில் வரும். கையில் பாஸ்போர்ட் இருக்கட்டும், வாசலில் வயதுச் சான்று கேட்பார்கள். ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பல அரங்குகளில் உள்ளே விடுவதில்லை, வாசலில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க வரிசையில் நிற்கவேண்டும். யார் எத்தனை மணிக்கு மேடையேறுகிறார்கள் என்று அன்று பகலில் அரங்கே அறிவிக்கும். முதலில் வாசிக்கும் குழுவையும் கேளுங்கள். பேர்ட்மேன் வழிவந்த குழுக்களைக் கேட்க அதுதான் நல்ல நேரம்.

எங்கே நிற்பது என்பது பெரிய விஷயம். முன்வரிசைக்கு முண்டியடித்தால் முகங்கள் தெரியும், பாட்டு கேட்காது. கிட்டாரும் டிரம்ஸும் மேடையிலிருந்தே நேராக வந்து அறைகின்றன. பாடகர் குரலும் கீபோர்டும் முக்கியமாக ஓரத்துப் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாக வருகின்றன, அவை உங்கள் தலைக்கு மேலே பின்னால் உள்ளவர்களைப் பார்த்து இருக்கின்றன. ஆகவே முன்வரிசையில் யங்கர் வாய் அசைப்பதுதான் மிச்சம், ஹாய்லின் கீபோர்டு அறவே காணாமல் போகும். அரங்கின் நடுவில், ஒலிக்கலவை மேசைக்கு மூன்று நான்கு தப்படி முன்னால் நில்லுங்கள். ஒலிப் பொறியாளர் எதைக் கேட்டுச் சரிசெய்கிறாரோ கிட்டத்தட்ட அதுவே உங்களுக்கும் கிடைக்கும். இரண்டு கிட்டாரும் இடம் வலமாகப் பிரிந்து கேட்பதும் அங்கேதான். பால்கனிக்கு அடியில் போகாதீர்கள், மேல் சுரங்கள் அடைபட்டு பாஸ் மட்டும் உறுமும்.

காதடைப்பான் இல்லாமல் போகவே வேண்டாம். 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் கால் மணிதான், கச்சேரியோ ஒன்றரை மணி நேரம். பஞ்சு மாதிரியான நுரை அடைப்பான் மேல் சுரங்களை அதிகமாகத் தின்றுவிடும், எல்லாம் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் வடிகட்டி வைத்த அடைப்பான், 15 முதல் 20 டெசிபல் வரை சமமாகக் குறைப்பது, அதுதான் வேண்டும். முதல் பாட்டுக்கு முன்பே மாட்டுங்கள். காது மேல்நோக்கிப் போகும்படி ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகினால்தான் உள்ளே சரியாக உட்காரும். பாதி உட்கார்ந்தால் பயனில்லை.

நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் ரயில் நின்றுவிடும், பிறகு நைட்ரைடு என்ற இரவுப் பேருந்துதான். நிறுத்தத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

ஞாயிறு, அனன்டேல்

பாரமட்டா சாலைப் பேருந்தில் அனன்டேல். பேர்ட்மேன் பதிவு செய்த ட்ரஃபால்கர் ஸ்டுடியோ இந்தப் பகுதியில்தான் இருந்தது. 1976-இல் ‘பர்ன் மை ஐ’ என்ற நான்கு பாட்டு இ.பி. (ஆல்பத்தைவிடச் சிறிய தட்டு), அடுத்த ஆண்டு முதல் ஆல்பம். காசு கொடுத்துப் பதிவு செய்பவர்கள் இல்லாத நேரங்களில் உள்ளே போய், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்தார்கள். அவசரமாகக் கேட்கும் அந்த ஆல்பம் அவசரத்தில் பிறந்ததில்லை. பார்ப்பதற்கு இங்கே அதிகம் இல்லை, மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

அறைக்கு வந்ததும் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தைத் திறந்து பாருங்கள், இலவசம். டெக் படித்த பல்கலைக்கழகத்தின் மாணவர் இதழ் ‘தருங்கா’ அதில் முழுதாக ஏற்றப்பட்டிருக்கிறது. தேடும்போது ஆண்டை 1974 முதல் 1978 வரை சுருக்கி, குழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். குறி இல்லாமல் தேடினால் வானொலி விளம்பரங்களாக வந்து குவியும். பழைய அச்சை எந்திரம் தப்பும் தவறுமாகப் படித்திருப்பதால் பெயரைப் பிரித்தும் சேர்த்தும் தேடவேண்டியிருக்கும்.

திங்கள், பிரிஸ்பேன்

விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ரயிலும் உண்டு, ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் ஆகும். குவீன்ஸ்லாந்தில் கோடைகால நேரமாற்றம் கிடையாது. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னியைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பதால் கெடுதல் இல்லை, திரும்பும் விமானத்தில்தான் கவனம். நகரப் பேருந்தும் ரயிலும் 50 சென்ட், விமான நிலைய ரயிலுக்கு மட்டும் தனிக் கட்டணம்.

ரோமா தெரு நிலையத்தில் இறங்கி பெட்ரி டெரஸுக்கு நடந்துவிடலாம். வாசிக்க இடம் கிடைக்காத செயிண்ட்ஸ் இங்கே தாங்கள் இருந்த வீட்டையே கிளப் 76 என்று அரங்காக்கினார்கள். சிட்னியில் பேர்ட்மேன் மாடி அறை பிடித்த அதே ஆண்டு, அதே காரணம். ஆனால் இங்கே நிலைமை இன்னும் கடுமை. ஜோ பியெல்கி-பீட்டர்சன் 1968 முதல் 1987 வரை குவீன்ஸ்லாந்தின் முதல்வர். 1977-இல் தெரு ஊர்வலங்களுக்கே தடை போட்டவர். நீளமுடி வைத்தவன் போலீஸ் கண்ணில் பட்டாலே விசாரணைதான். செயிண்ட்ஸ் தங்கள் ‘ஸ்ட்ராண்டட்’ பாட்டை 1976 ஜூனில் பதிவு செய்து, சொந்த லேபிளில் 500 பிரதி அச்சிட்டு, செப்டம்பரில் தபாலில் அனுப்பினார்கள். லண்டனின் ‘சவுண்ட்ஸ்’ இதழ் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய பிறகுதான் உள்ளூர் நிறுவனம் திரும்பிப் பார்த்தது. செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் தட்டு அப்போது வெளிவரவே இல்லை.

ஹேல் தெருப் பக்கமாக இறங்கினால் கோ பிட்வீன் பாலம், 2010-இல் திறந்தது. வாகனங்களுக்குத்தான் சுங்கம், நடப்பவர்களுக்கு இல்லை. இதே ஊரில் 1977-இல் தொடங்கிய கோ-பிட்வீன்ஸ் குழுவின் பெயரை மாநகராட்சி பாலத்துக்கு வைத்திருக்கிறது. அவர்களும் 1989-இல் பிரிந்து 2000-இல் சேர்ந்தவர்கள். குழுவைத் தொடங்கிய இருவரில் கிராண்ட் மக்லெனன் 2006-இல் இறந்ததும், மற்றவரான ராபர்ட் ஃபார்ஸ்டர் அந்தப் பெயரில் தொடரவில்லை.

செயிண்ட்ஸ் எடுத்த வழி வேறு. பாடகர் கிறிஸ் பெய்லி 2022 ஏப்ரலில் காலமானார். குழுவின் பழைய உறுப்பினர்களான எட் கியூப்பரும் ஐவர் ஹேயும் 2024 நவம்பரில் மேடையேறியபோது மட்ஹனி குழுவின் மார்க் ஆர்ம் பாடினார், கூடவே மிக் ஹார்வி, சன்னிபாய்ஸின் பீட்டர் ஆக்ஸ்லி. குழுவின் பெயரை ‘தி செயிண்ட்ஸ் 73–78’ என்று போட்டார்கள். எந்த ஆண்டுகளின் பாட்டு வரப்போகிறது, எது வராது என்று டிக்கெட் வாங்கும் முன்பே ரசிகருக்குத் தெரிந்துவிடுகிறது. மறுபடி சேரும் எந்தக் குழுவும் இந்த நேர்மையைக் கடன் வாங்கலாம். பேர்ட்மேனிலும் எழுபதுகளின் ஆறு பேரும் இன்று குழுவில் இல்லை. ஆனால் எழுதிய டெக்கும் பாடிய யங்கரும் நிற்கிறார்கள், பழைய பாட்டுகளைத் தளராமல் வாசிக்கிறார்கள். அடுத்த அறிவிப்பு வந்தால் சிட்னிக்கே டிக்கெட் எடுங்கள். சொந்த ஊர்க் கூட்டம் ‘நியூ ரேஸ்’ பாட்டில் ‘யா ஹப்!’ என்று சேர்ந்து கத்துவதை வேறு ஊரில் அந்த அளவுக்குக் கேட்கமுடியாது.